ஈயம் ஒட்டக் கூடாத இடம்

1776 ஜூலை 9. நியூயார்க்கில் வாஷிங்டனின் படைகளுக்கு முன்னால் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் வாசிக்கப்பட்டது. கேட்ட கூட்டம் பௌலிங் கிரீன் பூங்காவுக்குப் போய், அங்கே குதிரைமேல் வீற்றிருந்த மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் சிலையில் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தது. சிலைக்கு மேலே தங்கப் பூச்சு, உள்ளே ஈயம். உடைந்த துண்டுகளில் பெரும்பகுதி கனெக்டிகட்டில் உள்ள லிட்ச்ஃபீல்டு என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஆலிவர் வால்காட் என்பவரின் வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து மன்னரை உருக்கித் தோட்டா வார்த்தார்கள். எத்தனை என்று கணக்கும் எழுதி வைத்தார்கள்: 42,088.

அந்தக் கதையில் எல்லோருக்கும் சிலை நினைவிருக்கும். எனக்கு நினைவில் நிற்பது அச்சு. ஒவ்வொரு குண்டுக்கும் ஓர் அச்சு மூடப்பட்டிருக்கிறது. உருகிய ஈயம் உள்ளே இறங்கி, மூலைவரை நிரம்பி, இறுகி, அச்சைத் திறந்ததும் ஒட்டாமல் கீழே விழுந்திருக்கிறது. ஒரு குண்டு ஒட்டிக்கொண்டால் போதும், வேலை நின்றுவிடும். எண்ணெய்ப் பிசுக்கோ துருவோ ஏறினால் குண்டு சுருங்கிப்போய் வரும், மறுபடியும் உருக்க வேண்டும். அச்சைச் சுத்தமாக வைத்திருப்பதுதான் அந்த வீட்டில் நடந்த வேலையில் பாதி. அந்தப் பாதியைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை.

அமெரிக்காவில் இலக்குப் பயிற்சி செய்பவர்களும் பழைய வகைத் துப்பாக்கி வைத்திருப்பவர்களும் இன்றும் வீட்டுப் பட்டறையில் குண்டு வார்க்கிறார்கள். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அந்த வேலையைத் தொடவே முடியாது. ஆனால் அதற்குள் இருக்கும் அறிவியல் நமக்குப் புதிதல்ல. நம் சமையலறைப் பாத்திரம்வரை அது வந்திருக்கிறது.

அச்சின் அமைப்பு எளிமையானது. இடுக்கிபோல் திறந்து மூடும் இரண்டு உலோகக் கட்டிகள். ஒவ்வொன்றிலும் குண்டின் பாதி வடிவம் குடையப்பட்டிருக்கும். மூடினால் உள்ளே முழுக்குண்டின் அளவில் ஒரு வெற்றிடம். மேலே ஊற்றுவதற்கு ஒரு துளை. துளைக்குமேல் பக்கவாட்டில் நகரும் ஒரு தகடு, எஞ்சி நிற்கும் ஈயக் காம்பை அது வெட்டிவிடும். கட்டிகள் இரும்பிலோ பித்தளையிலோ அலுமினியத்திலோ இருக்கலாம். 18ஆம் நூற்றாண்டில் ஒரே நேரத்தில் பல குண்டுகள் வார்க்கும் நீளமான பித்தளை அச்சுகள் இருந்தன. மாக்கல்லில் குடைந்த அச்சுகளும் உண்டு.

இந்தக் கட்டிகள் ஒன்றையொன்று தொடும் முகத்தை உற்றுப் பார்த்தால் மெல்லிய கோடுகள் தெரியும். ஏதோ கருவி பட்ட கீறல் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அவை மூச்சுக்குழல்கள். ஈயம் உள்ளே இறங்கும்போது அங்கே ஏற்கெனவே இருந்த காற்று போக வழி வேண்டுமே? இந்தக் கோடுகள் வழியாகத்தான் போகிறது. காற்று போகும் வழியில் ஈயமும் போய்விடாதா? போகாது. அதற்குக் காரணம் ஈயத்தின் மேற்பரப்பு இழுவிசை.

தாமரை இலையில் நீர் உருண்டு நிற்பது மேற்பரப்பு இழுவிசையால். உருகிய ஈயத்துக்கு அந்த விசை தண்ணீரைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. தன்னோடு ஒட்டாத எந்தப் பரப்பின்மேலும் அது உருண்டைப் பிடிவாதத்தோடு நிற்கும். 0.05 மில்லிமீட்டர் அகலமுள்ள ஓர் இடுக்கை எடுத்துக்கொள்வோம். தலைமுடியைவிட மெல்லியது. அதற்குள் ஈயத்தைப் பலவந்தமாகத் தள்ள எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் 17 சென்டிமீட்டர் உயரமுள்ள ஈயத் தூண் ஒன்று மேலே நின்று அழுத்த வேண்டும். அச்சுக்குள் குண்டின் உயரமோ ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். ஆகவே காற்று நழுவிப் போகிறது, ஈயம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. கதவும் இல்லை, வடிகட்டியும் இல்லை. ஒரு கோட்டின் அகலம் மட்டும்தான் காவல். இதை முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

இப்போது அந்தக் கோட்டில் கொஞ்சம் எண்ணெய்க் கசடு அடைத்துக்கொண்டது என்று வையுங்கள். காற்றுக்கு வழியில்லை. மூலையில் மாட்டிய காற்று அங்கேயே இருக்கும், அந்த இடத்தில் குண்டின் விளிம்பு மழுங்கிப் பிறக்கும். மாறாக, ஈயப் பொருக்கு ஒன்று இரண்டு முகங்களுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டு கட்டிகளை மூட விடாமல் தடுத்தால், இடுக்கு அகலமாகும். அகலம் கூடக்கூட ஈயத்தைத் தடுக்கும் விசை குறையும். குண்டின் இடுப்பைச் சுற்றி மீன்துடுப்புபோல் மெல்லிய தகடு துருத்தும். குண்டும் வட்டமாக இல்லாமல் முட்டையாகும். அச்சில் வேலை செய்வது அந்த உலோகம் சூழ்ந்து நிற்கும் வெற்றிடம். அழுக்கு என்று நாம் சொல்வது அந்த வெற்றிடத்தின் அளவை மாற்றிவிடுகிறது.

எண்ணெய்தான் முதல் எதிரி. புது அச்சு துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசித்தான் அனுப்புவார்கள். பழைய அச்சையும் பெட்டியில் வைக்கும்முன் எண்ணெய் தடவி வைப்பார்கள். ஒரே ஒரு மில்லிகிராம் எண்ணெய் உள்ளே தங்கியிருந்தால் என்ன ஆகும்? சுமார் 300 டிகிரி செல்சியஸில் அது ஆவியானால் ஏறத்தாழ 0.15 மில்லிலிட்டர் இடத்தைப் பிடிக்கும். கைத்துப்பாக்கிக் குண்டு ஒன்றின் மொத்தக் கொள்ளளவே ஒன்றரை மில்லிலிட்டருக்கு உள்ளேதான். கண்ணுக்கே தெரியாத ஒரு பிசுக்கு, குண்டின் இடத்தில் பத்தில் ஒரு பங்கைப் பறித்துக்கொள்ளப் பார்க்கிறது. அந்த ஆவி ஈயத்துக்கும் சுவருக்கும் நடுவே மெத்தைபோல் விரிகிறது. ஈயம் சுவரைத் தொடாமலே இறுகுகிறது. வெளியே வரும் குண்டு, வெகுநேரம் தண்ணீரில் ஊறிய விரல்நுனிபோல் சுருங்கியிருக்கும்.

ஆனால் சுருக்கம் கண்டவுடன் அச்சைத் தேய்க்கப் போகக் கூடாது. அச்சு குளிர்ந்திருந்தாலும் அதே சுருக்கம்தான் வரும். ஈயம் 327 டிகிரியில் உருகும்; வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்தால் இன்னும் குறைந்த வெப்பத்தில். குளிர்ந்த சுவரைத் தொட்டதும் ஈயத்தின் தோல் உடனே இறுகிவிடும், பின்னால் வரும் ஈயம் அதை முழுக்கத் தள்ளி விரிக்க முடியாது. முதல் ஐந்தாறு குண்டுகள் சுருங்கி வந்து, அச்சு சூடேறச் சூடேறச் சுருக்கம் மறைந்தால் குறை வெப்பத்தில்தான் இருந்தது. எத்தனை வார்த்தாலும் சுருக்கம் ஒரே இடத்தில் வந்தால் அங்கே எண்ணெய் இருக்கிறது. அச்சு அளவுக்கு மீறிச் சூடானால் குண்டின் மேல் மார்கழிப் பனி படிந்ததுபோல் மங்கிய வெண்மை தெரியும். சில நேரம் குற்றம் அச்சிலேயே இருக்காது. உருக்கும் சட்டியில் துத்தநாகம் கலந்துவிட்டால் ஈயம் கூழாகிவிடும், எந்த அச்சிலும் சரியாக நிரம்பாது. நோய் எது என்று தெரியாமல் மருந்து கொடுக்கிறவர்களால்தான் பல நல்ல அச்சுகள் கெட்டுப்போயின.

எண்ணெய் என்று உறுதியானால் வைத்தியம் சாதாரணமானது. வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம், பழைய பல் துலக்கும் பிரஷ். காற்றுக் கோடுகளை அவற்றின் நீளவாக்கிலேயே துலக்க வேண்டும். பிறகு அசிட்டோனோ ஐசோபுரொபைல் ஆல்கஹாலோ கொண்டு ஒருமுறை அலசுவார்கள். இரண்டும் எளிதில் தீப்பிடிப்பவை, பக்கத்தில் அடுப்பு இருக்கக் கூடாது. வார்ப்பிரும்பு அச்சாக இருந்தால் ஒருமுறை போதாது. வார்ப்பிரும்பில் நுண்ணிய துளைகள் உண்டு. குளிர்ந்திருக்கும்போது சுத்தமாகத் தெரியும், சூடேறியதும் துளைக்குள் பதுங்கிய எண்ணெய் வியர்வைபோல் கசிந்து வெளியே வரும். கழுவு, சூடேற்று, மறுபடி கழுவு என்று பொறுமையாகத்தான் போக வேண்டும்.

கழுவியபின் ஈரம் ஒரு துளிகூட மிஞ்சக் கூடாது. தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,600 மடங்கு பெருக்கும். உருகிய ஈயத்துக்கு அடியில் ஒரு துளி தண்ணீர் மாட்டினால் அது வெடியாகி, ஈயம் முகத்தில் தெறிக்கும். அச்சு முழுக்கச் சூடேறி உலர்ந்த பிறகே முதல் ஈயத்தை ஊற்ற வேண்டும்.

அடுத்தது, ஈயமே அச்சில் ஒட்டிக்கொள்வது. இங்கேதான் நம் தெரு நினைவுக்கு வருகிறது.

தெருமுனையில் குழி தோண்டி, துருத்தி வைத்துக் கரி மூட்டி, பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிய மனிதர்களைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நானும் சிறுவயதில் குந்தி உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பாத்திரத்தை மண்ணும் அமிலமும் போட்டுத் தேய்த்து, நெருப்பில் காட்டி, நவச்சாரத்தைத் தூவுவார். குபுக்கென்று வெண்புகை. அந்தப் புகைக்குள்ளேயே ஒரு வெள்ளீயத் துணுக்கைத் தேய்த்து, பஞ்சால் ஒரு சுழற்றுச் சுழற்றுவார். மஞ்சள் பாத்திரம் கண்ணெதிரே வெள்ளியாகும். நவச்சாரத்தின் வேலை, பித்தளையின் மேலிருக்கும் ஆக்சைடு தோலை உரித்துவிடுவது. தோல் போனதும் வெள்ளீயம் பித்தளையிலுள்ள செம்பை நேராகத் தொடுகிறது. தொட்ட இடத்தில் இரண்டும் கலந்து ஒரு புதிய சேர்மப் படலம் உருவாகிறது. வெள்ளீயம் பரவுவதும் பிடிப்பதும் அந்தப் படலத்தால்தான்.

குண்டு வார்ப்பவருக்கு இதே வேதியியல் தலைகீழாக வேண்டும். அவர் ஊற்றும் கலவையில் வெள்ளீயம் இருக்கிறது. அது இருந்தால்தான் ஈயம் மூலைமுடுக்கெல்லாம் நன்றாக நிரம்பும். அதே வெள்ளீயம்தான் பித்தளை அச்சைக் கண்டால் பாத்திரத்தைக் கண்டதுபோல் பாய்ந்து ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். தடுத்து நிற்பது ஆக்சைடு தோல் ஒன்றே. அலுமினியத்தின்மேல் அந்தத் தோல் சில நானோமீட்டர் தடிமன்தான். உரித்தாலும் காற்று பட்ட கணமே மறுபடி வளர்ந்துவிடும், அதனால் அலுமினிய அச்சில் ஈயம் எளிதில் பற்றாது. தூய காரீயமும் இரும்பும் ஒன்றோடொன்று கலக்கவே கலக்காத உலோகங்கள்; இரும்புச் சட்டியில் ஈயம் உருக்க முடிவது அதனால்தான். பித்தளை மட்டும் கொஞ்சம் இளகிய மனசு. பற்றவைப்புப் பசையின் மிச்சம் ஏதாவது பட்டு அதன் தோல் உரிந்துவிட்டால், அந்த இடத்தில் ஈயம் பூசியதுபோலவே ஆகிவிடும்.

தமிழில் இரண்டையும் ஈயம் என்றே சொல்கிறோம்: காரீயம், வெள்ளீயம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்தது. குண்டின் உடல் காரீயம். ஒன்று உணவைத் தொடலாம், மற்றது தொடவே கூடாது. ஒரே பெயர் என்பதால் இந்த வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது.

ஒட்டிய ஈயத்தை எடுக்க ஆத்திரத்தில் கத்தியையோ உப்புத்தாளையோ எடுப்பார்கள். அச்சு பாழாவது அந்த நிமிடத்தில்தான். குடைவின் இரு பாதிகளும் சந்திக்கும் விளிம்பு கூராக இருக்க வேண்டும். உப்புத்தாள் அதை ஒரே தேய்ப்பில் மழுக்கிவிடும். அதற்குப் பிறகு வார்க்கும் ஒவ்வொரு குண்டிலும் ஒரு வரப்பு எழுந்து நிற்கும். தேய்ந்துபோன உலோகத்தைத் திரும்பச் சேர்க்க எந்தச் சுத்தம் செய்யும் முறையாலும் முடியாது. மாற்று வழி மென்மையானது. அச்சைச் சூடாக்கினால் ஈயத்தின் பிடி தளரும். அப்போது பருத்தித் துணியால் துடைக்கலாம், அல்லது கூராக்கிய மூங்கில் குச்சியால் நெம்பலாம். ஈயம் நகத்தால் கீறும் அளவுக்கு மென்மையானது. மரத்துக்கு வளைந்து கொடுக்கும். இரும்போ மரத்தால் ஒரு கீறலும் படாது. ஈயத்தைவிடக் கடினமாக, அச்சைவிட மென்மையாக ஒரு கருவி. இந்தத் தேர்வில் கைதேர்ந்தவரை நான் மதிக்கிறேன்.

துரு வேறு கதை. இரும்பு துருவாகும்போது பருமன் இரண்டு மடங்குக்கு மேல் பெருக்கும், ஆகவே செந்நிறப் பொடி குடைவுக்குள் உப்பி நிற்கும். அதற்கு அடியில் இரும்பு அரிக்கப்பட்டுக் குழி விழுந்திருக்கும். மேலோட்டமான துரு என்றால் எண்ணெயில் ஊறவைத்து மென்மையான பித்தளை பிரஷ்ஷால் துலக்கினாலே போதும். ஆழமாகப் போயிருந்தால் மின்பகுப்பு செய்வார்கள். சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் இரும்பு அச்சைத் தொங்கவிட்டு, பேட்டரியின் எதிர்முனையில் இணைப்பார்கள். நேர்முனையில் ஒரு சாதாரண இரும்புத் தகடு. அச்சின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் குமிழிகள் எழுந்து துருவை அடியிலிருந்து தூக்கிவிடும். துருவின் ஒரு பகுதி கருப்பாக மாறி இளகும். நல்ல இரும்பிலிருந்து ஓர் அணுவும் போகாது என்பதுதான் இதன் அழகு. ஆனால் ஹைட்ரஜன் எரியும் வாயு, திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். நேர்முனையில் எவர்சில்வர் போட்டால் நச்சுள்ள குரோமியம் கரைந்து வரும். அலுமினிய அச்சைச் சோடாவில் போட்டால் அச்சே கரையும்.

துரு முழுவதையும் சுரண்டி வெள்ளையாகப் பளபளக்க வைக்க வேண்டும் என்பதும் இல்லை. மெல்லிய செந்துருவைச் சுத்தமான கொதிநீரில் இட்டால் அது கருப்பு ஆக்சைடாக மாறும். துப்பாக்கிக் குழலுக்குக் கருநீலம் ஏற்றும் பழைய முறைகளில் ஒன்றே அதுதான். செந்துரு தின்னும், கருப்பு ஆக்சைடு இறுகப் படிந்து, ஈயம் பற்றாமல் காக்கும். ஒரே இரும்பு, ஒரே ஆக்சிஜன், சேர்ந்திருக்கும் விகிதம்தான் வேறு. நன்றாகப் பழகிய அச்சின் உட்புறம் கருமையாக இருந்தால் அதை அழுக்கு என்று நினைத்துத் தேய்ப்பவர், அச்சு பல ஆண்டுகள் உழைத்துச் சம்பாதித்த தோலை உரிக்கிறார்.

குடைவுக்குள் மெழுகுவத்திச் சுடரைக் காட்டிக் கரி படியவைக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. கரி வெப்பத்தைத் தாமதமாகக் கடத்தும், அதனால் ஈயம் இறுகுமுன் நிரம்ப நேரம் கிடைக்கும். சுத்தமான, சரியான சூட்டில் உள்ள அச்சுக்கு இது தேவையில்லை என்பதே என் எண்ணம். கரிக்கும் தடிமன் உண்டு. அடுக்கடுக்காகப் பூசினால் குண்டு சிறுத்துக்கொண்டே போகும்.

நம் வீடுகளில் பித்தளை என்றால் உடனே கை புளிக்குப் போகும். ஈயம் பட்ட அச்சுக்குப் புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் வேண்டாம். வினிகரிலுள்ள அசிட்டிக் அமிலம் ஈய ஆக்சைடைக் கரைத்து லெட் அசிடேட் என்ற உப்பாக்கும். அது இனிக்கும். அதற்கு ஈயச் சர்க்கரை என்றே பழைய பெயர். ரோமானியர்கள் திராட்சைச் சாற்றை ஈயப் பாத்திரங்களில் காய்ச்சிக் குறுக்கி இனிப்புக்குச் சேர்த்தார்கள். அந்த இனிப்பில் இதுவும் கலந்திருந்தது. திடமான ஈயத்தைத் தொடுவதைவிட, கரைந்த ஈயமும் ஈயத் தூசியும் உடம்புக்குள் எளிதாகப் போகும். குழந்தையின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அச்சைத் துலக்கிய பிரஷ் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. துடைத்த துணி வீட்டுத் துணிகளோடு சேரக் கூடாது. லிட்ச்ஃபீல்டில் அந்த 42,088 குண்டுகளைத் தொட்ட பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கலாம் என்பது அன்று யாருக்கும் தெரியாது. நமக்குத் தெரியும்.

வார்க்க எடுத்த ஈயம் எங்கிருந்து வந்தது என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். 1804இல் அமெரிக்காவின் மேற்கை நோக்கிப் புறப்பட்ட லூயிஸும் கிளார்க்கும் வெடிமருந்தை ஈயக் குப்பிகளில் அடைத்துக்கொண்டு போனார்கள். மருந்து தீர்ந்ததும் குப்பியே உருகிக் குண்டானது. அதற்குச் சுமார் தொண்ணூறு ஆண்டுகள் முன்னால், தரங்கம்பாடியில் ஜெர்மன் பாதிரிமார் சிறிய தமிழ் எழுத்துகளை வார்க்க ஈயம் இல்லாமல் தவித்தபோது, இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈய மூடிகளை உருக்கினார்கள். 1715இல் முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாடு அத்தகைய எழுத்துகளால் அச்சானது. எழுத்து வார்க்கும் உலோகமும் குண்டு வார்க்கும் உலோகமும் ஒரே குடும்பம்: காரீயம், வெள்ளீயம், ஆன்டிமனி. மூடப்பட்ட பழைய அச்சகங்களின் எழுத்து உலோகத்தை இன்றும் குண்டு வார்ப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். அச்சு என்ற ஒரே சொல்லால் வார்ப்பையும் புத்தகத்தையும் குறிக்கும் மொழி நம்முடையது. சுத்தமில்லாத அச்சில் குண்டின் விளிம்பு மழுங்குவதுபோலவே எழுத்தின் சுழியும் மழுங்கும்.

தாத்தா காலத்து அச்சு ஒன்று யார் வீட்டிலாவது கிடைத்தால், வார்க்கும் எண்ணம் இல்லையென்றால், தேய்க்கவே வேண்டாம். அதில் ஒட்டியிருக்கும் ஈயத்தின் கலவையே அது எந்தக் காலத்தில் எதற்குப் பயன்பட்டது என்பதற்குச் சாட்சி. வறண்ட இடத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

வேலை செய்யும் அச்சைச் சுத்தம் செய்து முடித்தவர்கள் கடைசியாக ஒன்று செய்வார்கள். இரு பாதிகளையும் மூடி, விளக்கை நோக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலியும் ஒளிக்கோடு தெரிந்தால் உள்ளே எங்கோ ஈயப் பொருக்கு இன்னும் இருக்கிறது. மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருந்தால் அச்சு தயார்.